ஒன்று தசம் எட்டு

பெட்டியில் மூன்று நொசில்கள்.
ஒன்று தசம் மூன்று, ஒன்று தசம் நான்கு, ஒன்று தசம் எட்டு.
உள்ளங்கையில் கொட்டினால்
அரிசியில் கல் பொறுக்குகிற கண் வேண்டும்
எது எதுவென்று சொல்ல.

"ஓட்டை ஓட்டைதானே" என்றார் ஸ்டோர் ஜெபரத்தினம்,
தின்னருக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டே.
"எதில் போனாலும் பச்சை பச்சைதான்."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
தின்னர் அளந்து தருகிறவரோடு
தர்க்கம் செய்யக்கூடாது.

பொகவந்தலாவையில் ஆடி மழை. கொழுந்து குறைவு.
மூன்றாம் நம்பர் ரோலரை நிறுத்தித் தந்தார்கள்,
நான்கே நாள்.
வியாழக்கிழமை சான்றிதழ்க்காரர்கள் வருகிறார்கள்.

நானும் மோசஸும் சுரண்டினோம்.
பச்சைக்குக் கீழே சாம்பல்,
சாம்பலுக்குக் கீழே இன்னொரு பச்சை,
அதற்கும் கீழே
பிரஷ் மயிரோடு சேர்த்து யாரோ பூசிய நீலம்.
தொரைக்கொரு நிறம் போல.
இரும்பு தெரிந்தபோது மத்தியானச் சங்கு ஊதியது.

கொழுந்து படுகிற இடத்தில் பெயின்ட் படக்கூடாது.
பித்தளை மேசைக்குப் பழைய பத்திரிகை சுற்றி டேப் ஒட்டினோம்.
சம்பள உயர்வுச் செய்தி ஒன்று,
எந்த வருடத்தது என்று தெரியவில்லை,
எந்த வருடத்துக்கும் பொருந்தும்,
விளிம்பில் மடிந்து உட்கார்ந்தது.

அடிப்பூச்சு தடித்தது.
சின்ன ஓட்டையில் அதற்கு மூச்சு முட்டும்;
இருமும், துப்பும்.
ஒன்று தசம் எட்டைப் போட்டால்
வார்ப்பிரும்பின் அம்மைத் தழும்புகளை
நிரப்பிவிட்டுத்தான் நகரும்.

மேல்பூச்சு வேறு சுபாவம்.
குச்சியை முக்கித் தூக்கி
வடிகிற நூல் சொட்டாய் அறும்வரை எண்ணு.
ஒன்று தசம் நான்கு.
ஒரு சாண் தள்ளிப் பிடி,
போன வரியின் பாதியில் ஏறிப் போ.
கை நின்றால் வழியும். ஓடினால் வறளும்.
ஓட்டை பெரிதானால் தோடம்பழத் தோல்.
"அண்ணே, இங்க ஒண்ணு காய்ச்சிருக்கு"
என்பான் மோசஸ்.

ஒன்று தசம் மூன்றை மட்டும் கேட்காதீர்கள்.
போன வருடம் அடைத்துக்கொண்டபோது
சேலை ஊசியால் குத்தியது நான்தான்.
அன்றிலிருந்து அதன் விசிறி இடப்பக்கம் சாயும்.
எறியவில்லை. எனக்கே சாட்சியாக வைத்திருக்கிறேன்.

ஜன்னல் வழியே பனி உள்ளே வந்து நின்றது.
கொம்பிரசர் அதைக் குடித்துத் தண்ணீராய்க் கக்கியது.
அரை மணிக்கொரு தரம்
அடிவயிற்றுத் திருகைத் திறந்துவிட்டோம்.

புதன் பின்னேரம் பச்சை முடிந்தது. கண்ணாடி.
டீமேக்கர் ரத்நாயக்க தன் மீசையை அதில் பார்த்துக்கொண்டார்.

மிச்சம் பல்சக்கரத்தை மூடுகிற தகடு. அதற்கு மஞ்சள்.
கன்னைத் தூக்கினேன்.
சலிப்பு அறையிலிருந்து செல்லபாக்கியம் வந்து நின்றாள்.
வலது கையில் மூன்று விரல்.

"மஞ்சளா அடிக்கப் போறீங்க?"
"ஆமா."
"அன்னைக்கும் மஞ்சள்தான்.
தேஞ்சு இரும்பு நெறமாப் போயிருந்துச்சு.
சிந்துன கொழுந்தக் கூட்டுறப்ப
மூடி எங்க முடியுது, பல்லு எங்க தொடங்குதுன்னு
தெரியல."

பிறகு, கடையில் துணி கேட்கிற குரலில்:
"தடியா அடிங்க."

ஸ்பேனரை எடுத்து ஒன்று தசம் நான்கைக் கழற்றினேன்.
எட்டைப் பூட்டினேன்.
தின்னர் ஒரு சொட்டும் சேர்க்கவில்லை.
"வாசம் தலையைச் சுத்தும், போங்க" என்றேன்.
முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு
மூன்றாம் கோட் வரை நின்றாள்.

வியாழன்.
சான்றிதழ்க்காரர் தகட்டின் மேல்
ஐந்து விரலையும் வைத்துத் தடவினார்.
"மற்றதெல்லாம் வழவழப்பு. இது மட்டும் ஏன் சொரசொரப்பு?"
"நொசில் பெரிசு, சார்."
"அடுத்த முறை சின்னதாகப் போடுங்கள்."
எழுதிக்கொண்டார்.

மோசஸ் என் காதுக்குள் "தோடம்பழம்" என்றான்.

ரோலர் ஓடத் தொடங்கியது.
புழுதியிலும் பனியிலும்
வாசலிலிருந்தே தெரிந்தது மஞ்சள்.