இரண்டு டயருக்குத்தான் காசு இருந்தது

இழுப்பது முன்சக்கரம்,
திரும்புவது முன்சக்கரம்,
பிரேக்கில் பாதிக்கு மேல் தாங்குவதும் அதுதான்.
புதுசு ரெண்டையும் முன்னாடியே போட்ருங்க என்றேன்
ஐந்து ரோட்டுக் கடையில்.
வேண்டாம்மா, புதுசு எப்பவும் பின்னாடி
என்றார் இளவரசு.
ஏனாம்?
மலையில தெரியும்.
என் காசு, என் வண்டி,
சொன்னபடியே மாட்டிக் கொடுத்தார்.

சின்ன வண்டி. சிவப்பு. மூன்று கை மாறி வந்தது.
முன்பு வைத்திருந்தவன் இன்ஜினியரிங் பையன்,
ஸ்பிரிங்கைத் தாழ்த்தி
பின்னச்சில் ஒரு கம்பியைத் தடிமனாக்கி வைத்திருந்தான்.
ஸ்டீயரிங்கில் விரல் அசைந்தால் போதும்,
பேர் சொல்லிக் கூப்பிட்ட நாய் மாதிரி
மூக்கைத் திருப்பிக்கொண்டு ஓடும்.
நாற்பத்திரண்டு வயது லேப் டெக்னீஷியனுக்கு
எதற்கு இப்படியொரு வண்டி என்று
கேட்காதவர் இல்லை.
கோரிமேடு தாண்டி மூன்றாவது கியர் விழும்போது
அதுவே பதில் சொல்லும்,
கேட்டவர்கள்தான் கூட இருப்பதில்லை.

வாரம் ரெண்டு நாள் ஏற்காடு.
ரத்தக் குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி
பத்தரைக்குள் சேலம் சேர்க்க வேண்டும்.

ஏறும்போது தப்பு தெரியாது.
வேகம் மிஞ்சினால் முன்பக்கம் வெளியே தள்ளும்,
டயர் முணுமுணுக்கும்,
காலை எடுத்தால் மன்னித்துவிடும்.
அந்த மன்னிப்பைத்தான்
என் திறமை என்று நினைத்திருந்தேன்.

இறங்கும்போது வளைவின் எண்கள் குறைந்துகொண்டே வரும்.
இருபது, பத்தொன்பது, பதினெட்டு.
ஐப்பசி மழை விட்டு அரை மணி நேரம்.
சில்வர் ஓக் இலைகள் தாரில் ஒட்டிக் கிடந்தன,
சில பச்சையாய், சில வெள்ளியாய்,
விழுந்தபடி.
பெலிசிட்டா அவள் அக்காவோடு போனில்
கல்யாணப் புடவை பேசிக்கொண்டிருந்தாள்.

பதினொன்று.
இடதுபக்கம் மடங்குகிற வளைவு.
பாதி திரும்பியாயிற்று.
எதிரே பஸ்,
ரோட்டின் முழு அகலத்துக்கும்.

காலை எடுத்தேன்.
சுட்டால் கையை எடுப்பதில்லையா, அப்படி.

வண்டியின் எடையெல்லாம் முன்னால் போய் உட்கார்ந்தது.
பின்பக்கம் ஆளில்லாத வீடானது.
தேய்ந்த ரெண்டு டயரும்
ஈர இலையில் கைவிட்டன.
சத்தமே இல்லை.
முதுகுத்தண்டின் கடைசிக் கணுவுக்குத்தான்
முதலில் தெரிந்தது:
என் பின்பக்கம் என்னை முந்தப் பார்க்கிறது.

மூக்கு மலைச்சுவரைப் பார்த்து,
வால் பஸ்ஸைப் பார்த்து.
ஐஸ் பெட்டி போய் வலதுகதவில் மோதியது.

உடம்பில் இருக்கிற அத்தனையும்
பிரேக் பிரேக் என்றது.
செய்ய வேண்டியதோ,
ஸ்டீயரிங்கைப் பஸ்ஸின் பக்கம் ஒடித்து
ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது.
எழுதும்போதே கை கூசுகிறது.
எதைக் கண்டு காலை எடுத்தேனோ
அதன் பக்கமே கொஞ்சம் திரும்பி,
முட்டை மேல் வைப்பது போல
கொஞ்சம்
மிதித்தேன்.

முன்சக்கரங்கள் பிடித்து இழுத்தன.
வால் ஒருதரம் அந்தப் பக்கம் ஆடிவிட்டு
சரி போ என்று பின்னால் வந்து சேர்ந்தது.
பஸ் டிரைவர் ஜன்னல்வழி
என் குடும்பத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார்.
பாதிதான் கேட்டது.
பெலிசிட்டா சொல்லிக்கொண்டிருந்தாள்,
மாம்பழ மஞ்சள் மட்டும் வேணாங்க்கா.

ஏழில் ஓரம் கட்டி இறங்கினேன்.
கீழே மேக்னசைட் தோண்டிய வெள்ளைக் குழிகள்,
அதற்கப்பால் எதுவுமே நடக்காத சேலம்.
பதினெட்டுக் குழாயும் முழுசாக இருந்தன.
ஒன்றில் மட்டும்
குலுங்கிய குலுக்கில் செல்கள் உடைந்து
மேல்நீர் சிவந்திருந்தது.
மறுபடி ஊசி குத்த வேண்டும்
யாரோ ஒரு காப்பித்தோட்டத்து ஆளுக்கு,
என் நாலாயிரம் ரூபாய் மிச்சத்துக்காக.

மறுநாள்
முன்னாடி ரெண்டையும் கழற்றிப் பின்னாடி போடுங்க என்றேன்.
ஏன் என்று இளவரசு கேட்கவில்லை.
ஜாக்கியை உருட்டிக்கொண்டு போய்
அடியில் குனிந்தவர்,
அந்தத் தடிக்கம்பியையும் எடுத்திரலாமா
என்றார்.

அது இருக்கட்டும் என்றேன்.