விளம்புதல்

திங்கள் முதல் வெள்ளிவரை எனக்கு வெள்ளை.
ஞாயிறு வந்தால் வின்சிலாஸ் அண்ணன் தரும் மெரூன் சேலை,
எண்ணிக் கொடுக்கும் ஆறு பின்,
திருப்பித் தரவேண்டிய கல்மாலை.

கருங்கல் மண்டபத்தில் மூணு பந்தி விளம்பினால்
அறுநூறு ரூபாய்.
வாசலில் பன்னீர் தெளிக்க நின்றால் ஐம்பது கூட.
அதற்குச் சிரிக்க வேண்டும்,
நான் வாளியே எடுத்துக்கொள்வேன்.

விளம்பு என்றால் சொல் என்று
பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.
இங்கே விளம்பு என்றால்
வாயைத் திறக்காதே, குனி,
இலையைப் பார், ஆளைப் பார்க்காதே.

உப்பு, இஞ்சி, மாங்காய், கிச்சடி, அவியல், எரிசேரி, துவரன்.
வரிசை மாறினால் அண்ணன் தூரத்தில் நின்றே முறைப்பார்.
செவ்வாய்க்கிழமை பரீட்சை.
அவியல் வாளியோடு நடக்கையில் பல்லுக்குள்ளே படிக்கிறேன்:
சரியான ஆள்
சரியான மருந்து
சரியான அளவு
சரியான வழி
சரியான நேரம்.
ஐந்தும் முடிய ஒரு வரிசை இலை தீர்கிறது.

மூணாம் பந்தி. பதினோராவது இலை.
முகத்தை அல்ல, காலைத்தான் முதலில் தெரிந்தது.
மேசைக்கடியில், வார் அவிழ்த்த செருப்பின்மேல்
இரண்டு விரல் இல்லாத இடது பாதம்.
வியாழக்கிழமை நான் சுற்றிய கட்டு இல்லை அது,
வீட்டில் யாரோ மாற்றியிருக்கிறார்கள்,
தொளதொளவென்று.

சிவதாணு. ஐம்பத்தெட்டு வயது. கீரிப்பாறை லாரி ஓட்டினவர்.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில், கட்டுக் கட்டும் அறையில்,
என்னை அவர் கண்டது மாஸ்குக்கு மேலே மட்டும்.
"சீனியா? சாயாவுக்குக்கூடப் போடமாட்டேன் மக்களே"
என்று சொன்ன வாய்
இப்போது பப்படத்தை நொறுக்கி, மட்டிப்பழத்தை உரித்து,
அடைப் பிரதமனுக்குக் காத்திருக்கிறது.

பிரதமன் வாளி என் கையில்.

கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது,
அது அண்ணனுக்க சட்டம்.
அரைக் கரண்டி விட்டேன்.
"என்ன பிள்ள, மருந்தா விடுத?"
பக்கத்து இலைக்காரர் சிரித்தார்.
நான் பேசவில்லை, குரல் காட்டிக்கொடுத்துவிடும்.
ஆனால் அவர் நிமிர்ந்துவிட்டார்.
பழம் பிசைந்த விரல்கள் அப்படியே நின்றன.
கால் மெல்ல நாற்காலிக்குப் பின்னே போயிற்று.

"தங்கச்சிக்க மகளுக்கு கல்யாணம்," என்றார்,
நான் ஏதோ கேட்டதுபோல.
"ஒரு நாளுதானே மக்களே."

மீதி அரைக் கரண்டியையும் விட்டேன்.
சரியான ஆள்தான்.
நேரமும் அவருக்குச் சரி.
அளவை நான் பார்க்கவில்லை, வாளியைப் பார்த்தேன்.
அடுத்த இலையில் ஒரு சின்னப் பையன்
வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையாலும் மூடினான்.

நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது மணி நாலு.
பிரதமன் தீர்ந்து உருளி கவிழ்ந்து கிடந்தது.
ஆஷ்மி ரசத்தைக் குடித்துவிட்டு
என் தோளில் சாய்ந்து இரண்டு நிமிடம் தூங்கினாள்.
அறுநூறில் நானூறு ரெக்கார்டு நோட்டுக்கு,
மீதி பஸ்ஸுக்கு,
பஸ்ஸில் நின்றேதான் வந்தேன்.

திங்கள் காலை. விரல் நுனியில் குத்தினேன்.
முன்னூற்றுப் பன்னிரண்டு.
சிஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்:
"நேத்து என்ன சாப்பிட்டிய?"
"கஞ்சியும் பயறும்."
சொன்னது சிஸ்டரிடம், பார்த்தது என் மாஸ்கை.

சார்ட்டில் எண்ணை எழுதினேன்.
எத்தனை கரண்டி என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

கையுறைக்குள்ளே என் நகத்தில்
அவியலின் மஞ்சள் இன்னும் இருந்தது.
பழைய கட்டை அவிழ்த்தேன். துடைத்தேன்.
புதுத் துணியைக் குதிகாலிலிருந்து எடுத்து
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை இழுத்தேன்.

"இறுக்குத பிள்ள."
"வியாழக்கிழமை வாருங்க," என்றேன்.
"அதுவரை யாரும் அவிழ்க்கப்பிடாது."