மனநிறைவு

பென்சில் மட்டும்தான் அனுமதி.
என் பேனாவை வாங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டுகிறார் ஓல்ட்ராய்ட்,
ஏதோ கத்தியைப் பறித்ததுபோல.
வேக்ஃபீல்ட் ஆவணக் காப்பகம், பெட்டி முப்பத்தொன்பது.
வெளியே நவம்பர்.
உள்ளே, நாடா கட்டிய நிலையில்,
நான்காம் ஸ்கெல்மயர் பிரபு.

முப்பத்தோரு ஆண்டு மேலவையில் இருந்தவர்.
எண்ணூறு சொல்லில் அவரை முடித்துத்தரச் சொல்லியிருக்கிறார்கள்;
எனக்கு நானூறே தேறவில்லை.
வாயைத் திறந்தது ஒரே ஒரு முறை,
ஜன்னலைச் சாத்தச் சொல்லி.
மற்ற நாளெல்லாம் கீல்வாதம்.
கால் மணைமேல் இருக்கும், கையெழுத்து லண்டன் போகும்,
அங்கே மைத்துனர் இருவருக்குமாகச் சேர்த்து வாக்களிப்பார்.

அந்த அவையில் ஆம், இல்லை என்பதில்லை.
"மனநிறைவு" என்பார்கள்,
அல்லது "மனநிறைவில்லை."
சாப்பிட்டு எழுந்தவர்களைக் கேட்ட கேள்விக்கு விடைபோல.

மூன்று வாரமாக எண்ணுகிறேன்.
சைடர் வரிக்கு மனநிறைவு.
அமெரிக்க முத்திரை வரிக்கும். அதை நீக்கியபோதும்
அதே நிறைவு, அதே மைத்துனர்.

ஒரே ஒருநாள் தானே வந்திருக்கிறார்.
ஆயிரத்து எழுநூற்று எழுபத்தொன்று, மார்ச்.
சேற்றில் நான்கு நாள் வண்டி.
த்ராக்லி பொதுநிலத்துக்கு வேலி கட்டும் மசோதா.
கால் அன்றைக்கு வலிக்கவில்லை.

எதிர்த்து ஒரு மனு. பதினேழு பேர்.
இரண்டு கையெழுத்து, பதினைந்து பெருக்கல் குறி.
தேபிதா க்ராப்ட்ரீ, விதவை, ஒரு பசு.
குறி இட்டபோது பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

மனைவிக்கு அவர் அன்றிரவு எழுதிய கடிதத்தைப் பிரிக்கிறேன்.
சிப்பி உணவு மோசம். வைக்கோல் விலை அநியாயம்.
ஒரு மனுவை வாசித்துக்கொண்டே இருந்தார்களாம்,
முதுகில் குளிர்காற்று;
எழுந்து நின்று ஜன்னலைச் சாத்தச் சொன்னாராம்.
"எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்."

மடிப்பிலிருந்து மணல் கொட்டுகிறது.
மை உலர அவர் தூவியது.
இருநூற்றைம்பது ஆண்டு பொறுத்திருந்து
என் கம்பளிச் சட்டையின் கைமடிப்பில் இறங்குகிறது.

பதிப்பாசிரியர்கள் அனுப்பிய படிவத்தில்
பிறப்பு, கல்வி, கட்சி, பதவி, பேச்சுகள்.
பசுவுக்குக் கட்டம் இல்லை.
பேச்சுகள் என்ற இடத்தில் ஜன்னல் என்று எழுதினேன்,
பக்கத்திலேயே தேபிதா என்று.
அடிப்பார்கள். தெரியும்.
பென்சில்தான், ஆனால் அழுத்தி எழுதியிருக்கிறேன்.

ஐந்து மணிக்கு ஓல்ட்ராய்ட் விளக்கை அணைத்தார்.
பேருந்தில் கைமடிப்பைப் பிரித்துவிடவில்லை.