அலகு

கிருலப்பனைக் கால்வாய்ப் பக்கம்
மீற்றர்கள் எல்லாம் புல்லுக்குப் பின்னால்தான்.
வெட்டாத வேலி, கட்டாத நாய்.
குனிந்து வாசிக்கிறேன்:
நானூற்றுப் பன்னிரண்டு அலகு.

அதே நேரம் ஒரு புல் நுனியில்
முன்னங்கால் இரண்டையும் விரித்து
ஒன்று என்னை வாசித்திருக்கிறது.
மூச்சு, வியர்வை, சூடு.
பாயவில்லை, பறக்கவில்லை.
நான் உரசிப் போகும்வரை
காத்திருந்தது, அவ்வளவுதான்.

இடுப்புப் பட்டிக்குக் கீழே, எள்ளளவு.
தோலைக் கீறி
முள் வைத்த அலகை இறக்கி
சுற்றிவரச் சீமெந்து பூசி
விறைக்க வைத்துவிட்டுத்தான் குடித்திருக்கிறது.
ஊசி போட்ட எந்தத் தாதியும்
இவ்வளவு மரியாதையாய்க் குத்தியதில்லை.

மூன்றாம் நாள் குளிக்கும்போது
விரலில் தட்டுப்பட்டது.
பாலுண்ணி என்று நினைத்தேன்.
மடியிலேயே இருந்தாலும்
பால் கேட்காத சாதி என்று
கால்கள் அசைந்தபோதுதான் தெரிந்தது.

அறையில் கூட இருக்கும் ரிஸ்மின்
நெருப்புப்பெட்டியோடு வந்தான்.
சூடு காட்டினால் கழருமாம்.
கழன்றது,
உள்ளே இருந்ததை எனக்குள் துப்பிவிட்டு.

இதெல்லாம் பதினோராம் நாள்
பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள்.
சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து
நேரே மேலே இழுத்திருக்க வேண்டுமாம்.
நெருப்பு கூடாது, எண்ணெயும் கூடாது.
கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு,
மண்டைக்குள் யாரோ தட்டு அடுக்குகிறார்கள்.
"நாய் வளர்க்கிறீர்களா?" சிங்களத்தில் கேட்டார் டொக்டர்.
இல்லை மிஸ், நாய்களுக்குத்தான் என்னைத் தெரியும்.

பிறகு ஒன்று சொன்னார், அது மட்டும் மறக்கவில்லை:
உண்ணி இரத்தத்தை அப்படியே வைத்துக்கொள்வதில்லை,
சாரத்தை எடுத்துக்கொண்டு
மிச்சத் தண்ணீரை எச்சிலாக
நமக்கே திருப்பி விடுகிறது.
அதோடுதான் கிருமியும் வருகிறது.

எனக்கு உடனே விளங்கியது.
கூரையில் சூரியத் தகடு போட்ட
ஹெவ்லொக் வீதி வீடுகளில்
மீற்றர் இரண்டு கணக்கு வைத்திருக்கும்,
எடுத்தது, திருப்பிக் கொடுத்தது.
இரண்டையும் நான்தான் எழுதுவேன்.

இரவு குளிசை தந்தார்கள்.
உள்ளங்கை விரித்தேன்,
சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளிகள்.
தொழில் பழக்கம், எண்ணத் தொடங்கினேன்.
முப்பத்தொன்றில்
தூங்கிப்போனேன்.