உபரி ஐந்து லிட்டர்

கேனில் ஊற்ற மாட்டார்களாம்.
வில்லிவாக்கம் பங்கில் பையன் பலகையைக் காட்டினான்.
டேங்கை வழிய நிரப்பிக்கொண்டு வந்து
இரவு பதினொன்றுக்கு, பார்க்கிங்கில்,
மீன்தொட்டிக் குழாயை விட்டு உறிஞ்சினேன்.
ஒரு வாய் உள்ளே போய்விட்டது.
துப்பி, கொப்பளித்து, இரண்டு தரம் பல் தேய்த்தும்
ஏப்பத்தில் பங்க் வாசம்.

இருநூறு சிசி வண்டி. மலையேறும் என்று விளம்பரம்.
ஏறும், என்னை மட்டும் ஏற்றினால்.

புதுப்பேட்டையில் கவுஸ் பாய்
வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.
கேன் மாட்ட இடமில்லை, பின் ஃபுட்ரெஸ்ட் இடிக்கிறது.
"பின்னால ஆள் உக்காருமா?"
உட்காராது.
போல்ட் துருவேறிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டு,
ஸ்பானரில் பைப்பைச் செருகி முறுக்கி
இரண்டையும் கழற்றிக் கையில் தந்தார்.
வலது ரப்பர் மட்டும் தேய்ந்திருந்தது.
சகாயம் தாளம் போடுவது வலது காலால்.

எனக்கு லிஃப்ட் சர்வீஸ்.
லிஃப்ட் கணக்கில் மனிதன் என்பது அறுபத்தெட்டு கிலோ.
ஆறு பேர், நானூற்றெட்டு,
கதவுக்குப் பக்கத்தில் தகட்டில் அடித்திருக்கும்.
தேவசகாயம் எழுபத்தொன்பது.
வளைவில் நான் ஒரு பக்கம் சாய்ந்தால்
அவன் பயந்து மறுபக்கம் சாய்வான்.
சாமான் அப்படியில்லை, சொன்ன பேச்சு கேட்கும்.

விடியற்காலை நாலரைக்கு எல்லாவற்றையும்
எங்கள் ஃபிளாட் லிஃப்டில் ஏற்றி, பேனலைத் திறந்து எடை பார்த்தேன்.
டென்ட், ஸ்டவ், டியூப் இரண்டு, டயர் லீவர்,
கிளட்ச் கேபிள், செயின் லிங்க், தார்ப்பாய்,
ஒரு கேன் (பெட்ரோல் தண்ணீரல்ல,
ஐந்து லிட்டர் மூன்றே முக்கால் கிலோதான்).
நாற்பத்தொன்று.
சகாயத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.
வாக்கிங் கிளம்பிய மூன்றாம் மாடி ருக்மாங்கதன் சார்
கதவு திறந்ததும் பார்த்தார்,
படியில் இறங்கிப் போனார்.

போன வருஷம் போளூர் தாண்டி வண்டி நின்றது.
நடுராத்திரி. கரும்பு லாரி ஒன்றும் நிற்கவில்லை.
ஆறு கிலோமீட்டர்.
நான் ஹேண்டில்பார், அவன் கேரியர்.
"உபரியா ஒரு பாட்டில் வெச்சிக்கிட்டா என்னடா?"
மூச்சு வாங்க வாங்கக் கேட்டான்.
எதுக்குடா என்றேன். சும்மா சொல்லவில்லை.
தள்ள இன்னொரு ஆள் இருக்கும்வரை
டேங்க் எங்கே தீர்ந்தால் என்ன.

இப்போது அவன் தோஹாவில்,
ஏதோ ஒரு கோபுரத்தின் குழிக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறான்.
வாய்ஸ் மெசேஜில் எதிரொலிதான் அதிகம்:
கேன் எடுத்தியா, கேன்.

பாடி மேம்பாலத்துக்கு முன்னால் சிவப்பு.
இடது காலை ஊன்றினேன்.
தரை நாலு விரல்கடை தள்ளி இருந்தது.
பந்தியில் உட்காருகிற மாதிரி
நிதானமாக உட்கார்ந்தது வண்டி, கேன் பக்கமாகவே.
என் முட்டி அப்புறம்தான் ஞாபகம் வந்தது,
முதலில் கேன் மூடி.
சொட்டவில்லை.
பின்னால் ஹாரன், ஹாரன், ஹாரன்.

கூழ் வண்டியை அப்படியே விட்டு ஓடிவந்தாள் ஒருத்தி.
"இன்னா சார், ஊட்டையே காலி பண்ணிக்கினு போறியா?"
நான் ஹேண்டில்பார், அவள் கேரியர்.
ஒன்று இரண்டு சொல்வதற்குள் தூக்கிவிட்டாள்.

ஓரம் கட்டிக் கயிற்றை அவிழ்த்தேன்.
கனமெல்லாம் இடப்பக்கம்.
கவுன்ட்டர்வெயிட் கட்டிப் பிழைக்கிறவன் நான்,
வெளியே சொன்னால் வெட்கக்கேடு.
டூல் பையை வலப்பக்கம் மாற்றும்போது அடியில் தட்டுப்பட்டது:
பேப்பரில் சுற்றிய ஃபுட்ரெஸ்ட் இரண்டும்.
எழுதி வைத்த பட்டியலில் இல்லை.
அறுநூறு கிராம் இருக்கும்.

முப்பது ரூபாய், ஒரு சொம்பு.
மோர் மிளகாயைக் கடித்தும் கூழில் பெட்ரோல்.
வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தவள்
"மொத்தம் எத்தினி பேரு போறீங்கோ?" என்றாள்.
லிஃப்ட் கணக்கில் ஒன்றரை.
வாயில் கூழ் இருந்தது, சொல்லவில்லை.