வாய்தா

முதல் அழைப்பு மரியாதையாகத்தான் இருந்தது.
"சாப்பிட்டீங்களா மேடம்?"
இரண்டாவதில் என் ஸ்கூட்டர் எண்ணைச் சொன்னான்,
நடுவில் ஒரு இலக்கத்தை விட்டுவிட்டு,
நானே நிரப்புவேன் என்று காத்திருப்பவன்போல.

மூன்றாவது வரவில்லை.
அதற்காகத்தான் விழித்திருந்தேன்.

ஏகாம்பரம் லாரி ஓட்டியவன்.
பள்ளிக்கரணைச் சதுப்பில் இரவில் எதைக் கொட்டினான்,
எத்தனை நடை, எந்த கேட்டிலிருந்து,
எல்லாம் நாற்பது பக்க நோட்டில்
பென்சிலால் எழுதிவைத்தவன்.
படிக்காதவன் கணக்கு என்றது எதிர்த்தரப்பு.
படித்தவர் யாரும் எழுதாத கணக்கு.
தவறி விழுந்து மூழ்கினான் என்கிறது எஃப்.ஐ.ஆர்.
முழங்கால் தண்ணீர் அங்கே.

ரேஷன் பையில், துவரம்பருப்புக்கு அடியில்
நோட்டைக் கொண்டுவந்தாள் சகாயமேரி.
"பத்திரம்மா" என்றாள்.
எங்கள் தொழிலில் பத்திரம் என்றால் காகிதம்.
அவள் அதைச் சொல்லவில்லை.

தம்புச்செட்டித் தெரு, இரண்டாம் மாடி, இரவு பத்தரை.
என் பூட்டை எனக்கு முன்பே யாரோ திறந்திருந்தார்கள்.
மூன்று பேர்.
கட்சிக்காரர் நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்து
என் ஸ்டேப்ளரை எடுத்து
காற்றைக் கடிக்கவிட்டுக்கொண்டிருந்தான்.
டக். டக்.
"வாங்க கிருபை மேடம். நோட்டு."

தேடிக்கொள்ளுங்கள் என்றேன்.
குரல் நடுங்கியது, மறைக்கவில்லை,
நடுங்காதவளை நம்பமாட்டார்கள்.

சிவப்பு நாடாக்கள் அறுந்தன.
பாகப்பிரிவினைகள், ஜீவனாம்சங்கள்,
காலி செய்ய மறுத்த குடித்தனக்காரர்கள்
எல்லாரும் தரையில் கலந்தார்கள்.
செல்போனை எடுத்துக்கொண்டார்கள்.
ஒரு மணிக்கு அவன் எழுந்து
ஸ்டேப்ளரை என் காதுமடலில் வைத்து
ஒரே ஒருமுறை அழுத்தினான்.
கம்மலுக்குக் கொஞ்சம் மேலே.

சொல்லவில்லை.
வீரம் ஒன்றுமில்லை.
சொன்னால் எனக்கும் முழங்கால் தண்ணீர்தான் என்று தெரியும்.

நோட்டு அன்று மதியமே போய்விட்டது.
ஜார்ஜ் டவுன் கோர்ட்டில்
பதினேழாயிரம் ரூபாய்க்குத் திரும்பிய ஒரு காசோலை வழக்கு.
அதன் நான்காம் ஆவணமாகச் சேர்த்து
ஊசிநூலால் தைத்தான் என் குமாஸ்தா தணிகாசலம்.
உருண்டை முத்திரை விழுந்தது.
இனி அது சர்க்கார் சொத்து,
அதாவது யாரும் வாசிக்கமாட்டார்கள்.
தொழில் தர்மமா என்று கேட்காதீர்கள்,
நானே இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை.

காலையில் ஹைகோர்ட்.
காதில் பிளாஸ்திரி, அதன்மேல் முடி, கழுத்தில் வெள்ளைப்பட்டை.
ஐட்டம் நாற்பத்தொன்று.
மை லார்ட், அசல் இருக்கிறது என்றேன்,
இருக்கும் இடத்தையும் சொன்னேன்,
வரவழைக்க உத்தரவு கேட்டேன்.
எதிர்த்தரப்பு சீனியர் எழுந்தார்.
இருமல் மிட்டாயை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு
"இரண்டு வாரம் அவகாசம்" என்றார்.
நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார்.
கொடுத்தார்.

அவ்வளவுதான்.
மூன்று பேருக்குச் சொல்லாத இடத்தை
முந்நூறு பேர் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.
ஜார்ஜ் டவுன் ஆவண அறைக்கு மரக்கதவு.
பதினான்கு இரவுகள்.

வராந்தாவில் கறுப்பு அங்கிகள் மோதிக்கொண்டு போயின.
சீனியரின் கட்டுகளைச் சுமந்து பின்னால் போனவன்
வெள்ளைச் சட்டையில் வேறு ஆளாக இருந்தான்.
கட்டைவிரல் மட்டும்
இல்லாத எதையோ அழுத்திக்கொண்டிருந்தது.

எஸ்பிளனேடைக் கடந்தோம்.
தணிகாசலம் சாப்பாட்டுப் பையைத் திறந்தான்.
தயிர்சாத டப்பாவுக்குக் கீழே
தைப்பதற்கு முன் எடுத்த ஒரே ஒரு நகல்,
ஓரத்தில் ஊறுகாய் எண்ணெய்.
அடப்பாவி, நான் இதைச் சொல்லவே இல்லையே.
"நீங்க சொல்லலைதான்" என்றான்.

ஜெராக்ஸ் கடைக்காரர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.
"பென்சில் எழுத்தும்மா. மங்கலாத்தான் விழும்.
எத்தனை?"

பர்ஸில் இருந்ததை அப்படியே மேஜையில் கொட்டினேன்.
"இதுக்கு எத்தனை வருமோ அத்தனை.
மெஷினை இன்னும் கறுப்பா வைங்க."