பதினெட்டு

அந்தப் பாட்டில் வருகிற ஆள் நான்தான்.
லாரி ஷெட் பக்கிரிசாமியைத் தவிர
யாரிடமும் சொன்னதில்லை.
அவனும் நம்பவில்லை.

கோவில்வெண்ணிக் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுத்தர், பருவகாலப் பணி.
ஒரு கைப்பிடி நெல்லைக் கருவியில் போட்டு மூடினால்
ஈரம் எத்தனை சதவீதம் என்று எண் வரும்.
பதினேழு வரை வாங்குவோம்.
மேலே போனால்
"காயவெச்சு எடுத்துட்டு வாங்க" என்பேன்.
அவ்வளவுதான் வேலை.
அதைத்தான் பாட்டாக்கினாள்.

ஜெசிந்தாவுக்கு அப்போது பத்தொன்பது.
நீடாமங்கலத்தில் உரக்கடை மாடியில் அறை.
தஞ்சாவூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கிட்டார்,
அதில் ஐந்தே கம்பி.
ஆறாவதுக்குக் காசு வந்த பிறகும் மாட்டவில்லை,
விரல் பழகிவிட்டதாம்.
மின்விசிறியை நிறுத்திவிட்டுப்
போர்வைக்குள் போனோடு உட்கார்ந்து பதிவாள்.
முதல் பாட்டு ரயில்வே கேட்டைப் பற்றி.
உற்றுக் கேட்டால்
நடுவில் ஒரு சரக்கு வண்டி கூவும்.
யூரியா வாடைகூட வருது என்பேன், அடிப்பாள்.
நானூற்றுப் பன்னிரண்டு முறை கேட்கப்பட்டது.
அதில் முப்பது நான்.

வலங்கைமானில் ஒரு கல்யாண மேடை.
சொந்தப் பாட்டை எடுத்ததும்
மாப்பிள்ளையின் சித்தப்பா கிட்டே வந்து
"தெரிஞ்ச பாட்டா பாடும்மா" என்றார்.
"எனக்கு இதான் தெரியும்."
மைக்கில் சொன்னாள். பந்தி வரை கேட்டது.
பேசியதில் பாதிதான் கொடுத்தார்கள்.
திரும்பும்போது வெட்டாற்றுப் பாலத்தில்
பைக்கை நிறுத்தச் சொல்லி
மீதிப் பாட்டை இருட்டுக்குப் பாடி முடித்தாள்.
நான் ஹெட்லைட்டை அணைக்காமல் வைத்திருந்தேன்.

பிறகு அந்தச் சண்டை.
சென்னைக்குப் போறேன், வா என்றாள்.
சம்பா முடியட்டும் என்றேன்.
அழுதாள்.
முகத்தைக் காயவிட்டு வா, பேசலாம் என்றேன்.
வாய்ப்பழக்கம்.

எட்டு மாதத்தில் பாட்டு வந்தது.
'பதினெட்டு வரைக்கும் வாங்குவியாமே
என் கண்ணு எத்தனைன்னு பார்த்தியா?'

பதினேழுதான் சரி. அவளுக்குத் தெரியும்.
ஆனால் 'ழு' வழுக்கும்,
'ட்டு'வில்தான் டிரம் விழ இடம் இருக்கிறது.
கல்லூரி விழா, மினி பஸ், செல்போன் கடை,
எங்கும் பதினெட்டு.
'கொள்முதல்' என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னதாம் கம்பெனி.
மறுத்தாளாம், நாலு மாதம் ஒப்பந்தம் நின்றதாம்.
டொராண்டோவில் மேடை. கத்தரித்த முடி.
யார் அந்தப் பையன் என்று பேட்டியில் கேட்டார்கள்.
"பையன் இல்ல, மெஷின்" என்றாள்.
நானும் சிரித்தேன்.

இரண்டாவது ஆல்பத்தில் நான் இல்லை.
பத்துப் பாட்டையும் இரண்டு முறை தேடினேன்.
குரலை எதையோ வைத்து இஸ்திரி போட்டிருந்தார்கள்.
ஓடவில்லை.
சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன்.
மூன்றாவதில் மறுபடி அந்த ஐந்து கம்பி,
கடைசிப் பாட்டின் பின்னால் ஒரு மின்விசிறி
நிற்பதற்குள் நாலு சுற்று சுற்றுகிறது.

இங்கே எனக்குத்தான் தொல்லை.
"பாட்டுலயே பதினெட்டுன்னு இருக்கே சார்"
என்று சண்டைக்கு வருகிறார்கள்.
அரசாணையைக் காட்டினால்
பாட்டைப் போட்டுக் காட்டுகிறார்கள்.

நேற்றுத் தையில் பெய்யக்கூடாத மழை.
ராயபுரத்து அம்மா ஒருவர்
தார்ப்பாய்க்குள் மூன்று நாளாய்க் காவலிருந்த நெல்.
கருவி பதினெட்டு காட்டியது.
பதினேழு என்று எழுதினேன்.

சாக்கு தைக்கிற பையன்
அதையேதான் சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.
இரண்டாம் அடியில் ஒரு சுரம் தப்பு.
அப்படியில்லடா என்று
பாடிக் காட்டினேன்.